கட்டம் நாலு

நாகப்பட்டினத்துக் கப்பல் கட்டிப் பத்து நிமிசம்.
காங்கேசன்துறையில் மூன்றாவது மேசை என்னுடையது:
விதை, வேர், மண், பழம்.

பயணப்பையின் அடியில்
ஈரச் சாரத்தால் சுற்றி ஒரு தேசிக்கன்று வைத்திருந்தார்
மாதகல் சவிரிமுத்து, வயது அறுபத்தெட்டு.
"கள்ளச் சாமான் இல்லைத் தங்கச்சி.
இஞ்சத்தைச் சாமான்தான்."

தொண்ணூறில் வள்ளம் ஏறினபோது
சத்திக்கு மணக்கவென்று மனிசி மடியில் முடிந்த தேசிக்காய்.
நடுக்கடலில் நகத்தால் கீறிக் கீறி மணந்து
அரிச்சல்முனையில் இறங்கியும் எறிய மனமில்லாமல்
மண்டபம் முகாமின் தண்ணிக்குழாயடியில் ஊன்றினதாம்.
அந்த மரத்தின் கொட்டையில் முளைத்தது இது.
மனிசி கூட வரவில்லை.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

கட்டம் நாலு: தோன்றிய நாடு.

பேனா அங்கே நின்றுவிட்டது.
தேசி என்று பேர். எந்தத் தேசம்?

பேராதனையில் பாடமாக்கியது கொஞ்சம் ஞாபகம்.
இமயத்தின் கிழக்குச் சரிவு, சீனத்தின் தெற்கு மூலை,
மழை ஓயாத காடுகளில்
ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுக் கலந்த குலம்.
தேசிக்குத் தகப்பன் கடாரநாரத்தை;
தாய், கிழக்குத் தீவொன்றில்
பேர் வைக்க ஒருவருமில்லாமல் நின்ற காட்டுப்புளி.
இடையில் போய்வந்த தேனீயை
எந்தத் துறைமுகமும் பதிந்து வைக்கவில்லை.

பிறகு அரபுக்காரரின் பாய்மரத்தில் மேற்கே போயிற்று.
நாரத்தை, நம் வாயில் பிறந்த சொல் என்கிறார்கள்,
பாரசீகத்தில் நாரங் ஆகி
போகப் போக முதலெழுத்தைத் தொலைத்து
ஒரேஞ்ச் என்று திரும்பிவந்து
எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கே பாடம் எடுத்தது.
நாங்களோ தோடம்பழம் என்று கூப்பிட்டுவிட்டுப்
பேசாமல் உரித்துத் தின்றோம்.

கோட்டைக்கு வந்த ஒல்லாந்தக் கப்பல்களில்
முரசு அழுகிப் பல்லாடிய மாலுமி
எந்தக் காயைக் கண்டு கும்பிட்டிருப்பான்?
பம்பளிமாசு என்ற சொல்லை
அவன் எங்களிடம் எடுத்தானா, நாங்கள் அவனிடமா,
அகராதிகள் இன்னும் வழக்காடுகின்றன.

இதில் ஒரு கொட்டையும் அனுமதிப்பத்திரத்தோடு வரவில்லை.
மடியில் வந்தது, சட்டைப்பையில் வந்தது,
துப்பின இடத்தில் முளைத்தது.

நோயும் அப்படித்தான் வரும்.
இலையின் அடியில், எள்ளளவு பூச்சியில் ஏறி.
நீர்வேலியில் வங்கிக்கடனில் தேசி வைத்திருக்கிற
குணமணி அக்காவின் நாற்பது மரத்துக்கும்
இந்த மேசைதான் வேலி.
சட்டம் என் பக்கம். மூக்கு மட்டும் அவர் பக்கம்.

"எரிக்கத்தான் வேணும் ஐயா."

பின்பக்கத்து உலைக்குள்
பச்சை இலை வெடித்து வெடித்து எரிந்தது.
சுங்கம், குடிவரவு, வெளியே ஓட்டோ வரிசை வரைக்கும்
சொதி இறக்கிப் புளி விடுகிற நேரத்து வாசம்.
ஸ்கேனர் பொடியன் பசிக்குது என்றான்.

சவிரிமுத்து போகவில்லை.
"சாம்பலைத் தருவியளோ?
தேசிக்குச் சாம்பல் நல்லம்."
"எந்தத் தேசிக்கு?"
"முப்பத்தஞ்சு வருசம். வளவைப் போய்ப் பாத்தால்தானே தெரியும்."

கையேட்டை முழுக்கப் புரட்டினேன்.
மண்ணுக்கு மூன்று பக்கம்.
வைக்கோலுக்குக்கூட ஒரு பிரிவு.
சாம்பலுக்கு ஒரு சொல் இல்லை.

அரசாங்க உறையொன்றில் அள்ளி ஒட்டிக் கொடுத்தேன்,
சூடு ஆறமுதல்.
இடக்கைப் பக்கச் சட்டைப்பையில் வைத்தார்;
சுட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

கட்டம் நாலு வெறுமையாகவே மேலிடம் போயிற்று.
இன்றைக்குவரை
யாரும் திருப்பி அனுப்பவில்லை.